மேலே யார் பெயர்?

எங்கள் கல்லூரியில் இலக்கியச் சங்கம் இரண்டு. எது மூத்தது என்ற சண்டை, எங்கள் பேராசிரியர்களே இங்கே மாணவர்களாக இருந்த காலத்திலிருந்து ஓயவில்லை. இரண்டுக்கும் ஒரே மேடை. பின்சுவருக்கு வெள்ளையடிக்கும் போதெல்லாம், யார் பெயரை மேலே எழுதுவது என்று கைகலப்பு.

இந்த முறை முதல்வருக்குப் பொறுமை போய்விட்டது. "பட்டிமன்றம் வெச்சுப் பேசித் தீர்த்துக்கோங்க. ஜெயிக்கிற கட்சி சொல்றதுதான் சரித்திரம்."

எந்தக் கட்சிக்கு யார் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். அது இரு சங்கத்துக்கும் வேதம். எங்கள் சங்கச் செயலாளரான நான் எடுத்த சீட்டு, எதிரிச் சங்கமே மூத்தது என்று என்னைப் பேசச் சொன்னது.

"தலையெழுத்துடி. ஏதோ உளறிட்டு இறங்கிடு," என்றாள் எங்கள் சங்கத் தலைவி.

உளறவா நான் மேடை ஏறுகிறேன்?

எதிரிச் சங்கத்துச் செயலாளன் எங்கள் சங்கமே மூத்தது என்று தொண்டை கிழிய முழங்கினான். கைதட்டல் அடங்கியதும் நான் எழுந்தேன்.

"எங்க சங்கத்தோட பேரு என்ன? புதிய இலக்கியச் சங்கம். பழசு ஒண்ணு இல்லாம, புதுசுன்னு யாராவது பேரு வைப்பாங்களா?"

அரங்கம் அதிர்ந்தது. இத்தனை வருடமும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டிருக்கிறோம்.

கோப்பையோடு இறங்கினேன். "குடியைக் கெடுத்தியேடி!" என்று தலைவி பல்லைக் கடித்தாள்.

"அவங்க மூத்தவங்களாவே இருந்துட்டுப் போகட்டும்க்கா. ஜெயிச்சது யாரு?"

சுவரில் அவர்கள் பெயர் மேலே ஏறியது. ஏற்றிவிட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.