தோற்றவன் சுமக்கும் வாளி

“அந்த வாளிய என் பஸ்ல ஏத்தாத தம்பி. எத்தன தடவ சொல்றது.”

“கோச், நான் தோத்திருக்கேன். தோத்த டீம் கேப்டன்தான தூக்கிட்டு வந்து ஜெயிச்சவங்க பஸ்ல வைக்கணும். இத நான் திருப்பி உள்ள தூக்கிட்டுப் போனா என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?”

“எங்கயாவது வச்சுக்க. எனக்கு வேண்டாம்.”

“ஜெயிச்சவங்க வேண்டாம்னா நாங்க மட்டும் என்ன பண்ண முடியும்?”

நான் பஸ்ஸின் அடியில் இருக்கும் சாமான் பெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பசங்களுடைய மூட்டை, மட்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. என் பெயர் டேல். டாமரக் கல்லூரி ஐஸ் ஹாக்கி டீமுக்குப் பல வருடமாக வாடகை பஸ் ஓட்டுகிறேன். ஹாக்கி ஆடியதில்லை. ஆனால் இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் ஒரு ஐஸ் அரங்கம் விடாமல் எல்லாவற்றின் வாசலிலும் காத்துக் கிடந்திருக்கிறேன்.

வேண்டாம் என்றவர் எங்கள் கோச் ஆர்னி கெட்டுனென். வாளியோடு நின்றவன் நோலன் சவார்டு, செயின்ட் பிரெண்டன் கல்லூரி கேப்டன். ஆட்டம் அவர்கள் அரங்கத்தில்தான் நடந்தது. கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோலில் எங்கள் பசங்கள் ஜெயித்துவிட்டார்கள். சறுக்குக் காலணியைக் கழற்றிவிட்டு, ஈர ஜெர்சியோடு, ரப்பர் செருப்பில் அந்தப் பையன் பனியில் நின்றான். கால் விரல்கள் சிவந்து போயிருந்தன.

இந்த இணையதளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வட ஏரிக் கூட்டமைப்பில் சாம்பியனுக்குக் கொடுப்பது வெள்ளிக் கோப்பை இல்லை. செம்புச் சுரங்கத் தொழிலாளி ஒருவனுடைய சோற்று வாளி. அதைப் பைன் மரக் கட்டை மேல் திருகி வைத்து, கட்டையைச் சுற்றிப் பித்தளைத் தகடு அடித்து, ஒவ்வொரு வருடமும் ஜெயித்த கல்லூரியின் பெயரைப் பொறிப்பார்கள். ஜெயித்தவர்கள் அதைத் தொட்டு எடுக்கக் கூடாது. தோற்ற கேப்டன் சுமந்துவந்து அவர்கள் பஸ்ஸில் வைக்க வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, இத்தனை வருடமும் தவறியதில்லை.

அந்தக் கூட்டமைப்பு அன்றைய ஆட்டத்தோடு முடிந்தது. செயின்ட் பிரெண்டன் பெரிய கூட்டமைப்புக்குப் போகிறது. எங்கள் டாமரக் கல்லூரியோ ஹாக்கியையே நிறுத்துவதாகப் பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. செலவு தாங்கவில்லையாம்.

பஸ்ஸின் ஜன்னலைத் திறந்து எங்கள் கோல்கீப்பர் பெக் தலையை நீட்டினான். “நோலன், வாளியோட நீயும் ஏறி உக்காரு. அடுத்த வருசம் எங்களுக்கு டீமே இல்ல, நீயும் எங்களோட சேந்துக்க.”

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த பஸ் மாதிரியே இல்லை. துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வண்டி மாதிரி இருந்தது.

“கோச், உண்மையச் சொல்லுங்க. எங்க மேல கோவமா?” என்றான் நோலன்.

ஆர்னி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “உன் மேல எதுக்குப்பா கோவம். போன மாசம் எங்க ஜிம்முக்குப் பின்னாடி குப்பை வண்டி நின்னுச்சு. எட்டிப் பாத்தா மல்யுத்த டீமோட கோப்பையெல்லாம் கெடக்குது. அந்த டீமத்தான் முன்னாடியே மூடிட்டாங்கல்ல. கண்ணாடி அலமாரி இருந்த எடத்துல ஓடற மெஷின் வைக்கப் போறாங்களாம். இத நான் கொண்டு போனா ஜூன் மாசம் அதே வண்டியில கெடக்கும். என் கையால கொண்டுபோய் அங்க போடணுமா?”

நோலன் வாளியைப் பார்த்தான். “எங்க காலேஜ்லயும் வேண்டாம்னுட்டாங்க கோச். பழைய கூட்டமைப்புச் சாமான் எதுக்குன்னு கேட்டாங்க.”

எனக்கு இரண்டு கவலை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதோடு, ஒரு டிரைவர் ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் ஓட்டலாம் என்று கணக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் நடுவழியில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

“ஆர்னி, மேல இருக்கற சீட்டெல்லாம் உங்க காலேஜ் வாடகை குடுத்தது,” என்றேன். “இந்த அடிப்பெட்டி என் பொறுப்பு. இதுல என்ன ஏறணும், எங்க இறங்கணும்னு நான்தான் பாக்கணும். தம்பி இங்க வச்சா ஜெயிச்சவங்க பஸ்ல வச்ச மாதிரியும் ஆச்சு, உங்க காலேஜ்ல குடுக்காத மாதிரியும் ஆச்சு. சீக்கிரம் வைங்க, பனி வருது.”

ஆர்னி என்னை முறைத்தார். “நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் டேல்.”

“படிச்சிருந்தா இந்தக் குளிர்ல நிப்பேனா.”

நோலன் குனிந்து, மூட்டைகளுக்கு நடுவில் வாளியை வைத்தான். தன் கழுத்துத் துண்டைச் சுற்றி அது ஆடாமல் முட்டுக் கொடுத்தான். ஆர்னி அவனுக்குக் கை கொடுத்தார். “நானும் ரெண்டு தடவ இதத் தூக்கியிருக்கேன்டா. கனம் குறையவே குறையாது. போ, போய்க் கால சுடுதண்ணியில வை.”

வழியெல்லாம் ஆர்னி என் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். வழக்கமாகத் தூங்கிவிடுவார். மடியில் ஒரு பேஸ்டி, மாவுக்குள் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்டது, கடித்த வாக்கில் ஆறிப் போயிருந்தது.

“மொதத் தகட்டுல யார் பேரு தெரியுமா? போர்ட்டர் மைனிங் காலேஜ். இப்ப அந்த காலேஜே இல்ல. அவங்க அரங்கத்துல சோபா விக்கறாங்க. என் பொண்டாட்டி அங்கதான் ஒரு நாற்காலி வாங்கினா, உக்காந்தா குளிருதுன்னேன், அடிக்க வந்தா.”

பிறகு செயின்ட் பிரெண்டன் தொடர்ந்து ஏழு வருடம் ஜெயித்த காலத்தைப் பற்றிச் சொன்னார். அப்போது அவர்கள் ஊர்க்காரர்களே அலுத்துப்போய் இறுதி ஆட்டத்துக்கு வராமல் மீன் பிடிக்கப் போனார்களாம். பிறகு ஒரு தகட்டில் பெயரைச் சுரண்டி எடுத்திருக்கும் கதை. ஆடத் தகுதியில்லாத பையன் ஒருவனை இறக்கிவிட்டார்கள் என்று பட்டத்தைப் பறித்தார்கள், வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. கொரோனா வருடத்துக்கு வெறும் தகடு.

“அந்த ஒடுக்கு எப்படி வந்துச்சு ஆர்னி?” என்றேன். வாளியின் ஒரு பக்கம் உள்ளே போயிருக்கும்.

“அதுவா. ஒரு வருசம் கடைசி ஆட்டத்துல ஐஸ் போடற மெஷின் நின்னு, தரையெல்லாம் தண்ணி. ரெண்டு டீமும் சாம்பியன்னுட்டாங்க. அப்ப தோத்தவன் யாரு? ரெண்டு கேப்டனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தானுங்க, யார் பஸ்லயும் ஏத்த மாட்டேன்னுட்டானுங்க. வண்டி நிறுத்தற எடத்துக்கு நடுவுல வச்சுட்டுப் போயிட்டானுங்க. மறுநாள் பனி தள்ளற வண்டி வந்து இடிச்சிருச்சு.”

சிரித்தார். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

“நாங்க ஒரு தடவகூட அந்தத் தகட்டுல இல்ல டேல். காலேஜ்ல ஆடும்போது ரெண்டு தடவ தோத்தேன். கோச்சா வந்து நாலு தடவ. என் பசங்க நாலு பேரு அடுத்தவன் பஸ் வரைக்கும் இதத் தூக்கிட்டுப் போனத நின்னு பாத்திருக்கேன். இன்னிக்கு ஒருத்தன் எங்க பஸ்சுக்குத் தூக்கிட்டு வர்றான், அவன வாசல்லயே நிறுத்தி வேண்டாங்கறேன். களைச்சுப் போச்சுப்பா.”

நான் வைப்பரை இன்னும் வேகமாக வைத்தேன்.

கல்லூரியில் இறங்கியதும் பசங்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் பெட்டியில் வாளி மட்டும் இருந்தது. ஆர்னி குனிந்து அதைப் பார்த்தார். தொடவில்லை. “ஜெயிச்சவன் தொடக் கூடாதுல்ல,” என்றார். கதவை அவரே சாத்திவிட்டு நடந்து போய்விட்டார்.

அது மார்ச்சில். இப்போது மே. வாளி எங்கள் பஸ் ஷெட்டில், பனிக்காலத்தில் டயரில் சுற்றும் சங்கிலிகளைத் தொங்கவிடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டமைப்பு ஆபீஸுக்கு ஃபோன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஷெட்டை நடத்தும் மார்ஜ் நல்லவள்தான், ஆனாலும், “டேல், இது என்ன மியூசியமா? கோடைக்கு ரெண்டு வண்டி புதுசா வருது. அதுக்குள்ள எடுத்துரு,” என்கிறாள். கடைசித் தகடு இன்னும் காலியாக இருந்தது. பொறிக்க ஆள் இல்லை. என் மச்சான் சாவிக் கடை வைத்திருக்கிறான், அவனை வைத்து டாமரக் என்று அடித்துவிட்டேன். எழுத்து கொஞ்சம் கோணல். ஆர்னியிடம் ஃபோனில் சொன்னேன். சரி என்றார். பிறகு, “படிக்க முடியுதுல்ல?” என்று கேட்டார். முடிகிறது என்றேன்.

போன வாரம் நோலன் கூப்பிட்டான். வாளி எங்கே என்று கேட்டான். சொன்னேன்.

“அங்கிள், எங்க வைக்கறதா இருந்தாலும் எனக்குச் சொல்லுங்க. தோத்தவன் நான்தான். வண்டியிலேர்ந்து நான்தான் எறக்கி வைப்பேன்.”

“வேலைக்குப் போறியாமே, லீவு குடுப்பாங்களா?”

“தோத்ததுக்கு லீவுன்னு சொல்றேன். புதுசா இருக்கும்.”

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் அரங்கத்திலோ நூலகத்திலோ காப்பிக் கடையிலோ ஒரு அலமாரி இருந்தால் போதும். கண்ணாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குப்பைக்குப் போடாத ஆட்கள் இருந்தால் சரி. தகட்டில் இருக்கும் எந்தக் கல்லூரியில் நீங்களோ உங்கள் வீட்டாரோ ஆடியிருந்தாலும், ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும், சொல்லுங்கள். என் லீவு நாளில் நானே வண்டியில் கொண்டுவருகிறேன். நோலன் இறக்கி வைப்பான். ஆர்னியையும் கூட்டிவரப் பார்க்கிறேன்.

இடம் இருப்பவர்கள் ஊர் பெயரோடு கீழே பதில் போடுங்கள்.