ஒன்பதாம் மாத ஊசி

மருத்துவமாது இமக்குலேற்றின் ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கைக்குள் கேட்டாலே ஜெனூபா கேற்றைச் சாத்திவிடுவாள். மகன் இன்ஸாபுக்கு ஒன்பதாம் மாதத்தில் போடவேண்டிய, சின்னமுத்து எனும் தட்டம்மைக்கான ஊசி தவறி ஒரு வருடமாகிவிட்டது.

"கொரோனாவில என்ட வாப்பாட மையித்தை எரிச்சாக்கள் நீங்க. ஒங்கட ஊசி என்ட புள்ளைக்கு வேணா."

"நானா தங்கச்சி எரிச்சன்?"

"நீங்களும் கவுண்மந்து ஆள்தானே."

அவள் ஆத்திரம் நியாயமானதுதான். கொரோனாவில் மௌத்தானவர்களைப் புதைக்கக்கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்டு, குளிப்பாட்டாமல், கபன் துணி சுற்றிக் கபனிடாமல், பிள்ளைகளுக்கு முகம்கூடக் காட்டாமல் எங்கோ கொண்டுபோய் எரித்தார்கள். மையவாடியில் வாப்பா பக்கீரின் பேருக்கு, தலைமாட்டில் நடும் ஒரு மீஸான் கட்டைகூட இல்லை. எரித்தவர்களை எட்டிப் பிடிக்க முடியாதவள், கைக்கெட்டிய மருத்துவமாதுவைப் பிடித்துக்கொண்டாள்.

அதே வளவில் பின்வீட்டிலிருந்த தங்கை றுஸ்னாவுக்கும் அவர்தான் வாப்பா. அவளும் அழுதாள். ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குத் தவறாமல் போனாள். மகளுக்கு எட்டு மாதம். ஒன்பதாம் மாத ஊசிக்கு இன்னும் மூன்று கிழமை. அந்தத் திகதியைப் பள்ளிவாசல் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஊருக்குள் சின்னமுத்து வந்தது. இன்ஸாபுக்குக் காய்ச்சல். கண் சிவந்து மூக்கொழுகியது. "தடிமன்தான்" என்றாள் ஜெனூபா. மேலெல்லாம் பரு போடும்வரை அவன் பின்வீட்டுத் தொட்டிலில் ஏறி, குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் அவன் எழும்பி ஓடித் திரிந்தான். அவனிடமிருந்து தொற்றிய குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் மூச்சுக்குத் தவித்துவிட்டு அடங்கிப்போனது.

இந்த மையித்தை யாரும் மறிக்கவில்லை. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, கடற்கரை மையவாடியில் அடக்கினார்கள். வாப்பாவுக்குக் கிடைக்காததெல்லாம் பேத்திக்கு ஒரு குறையுமில்லாமல் கிடைத்தது. 

மூன்றாம் நாள் இமக்குலேற் துக்கம் விசாரிக்க வந்தாள். ஜெனூபாவே கேற்றைத் திறந்து, பின்வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இடுப்பில் இன்ஸாப்.

"மிஸ், இவனுக்கு விட்ட ஊசியெல்லாம் போடணும். அடுத்த கிளினிக் எப்ப?"

இமக்குலேற் வாய் திறக்குமுன் றுஸ்னா எழும்பினாள். சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றி ராத்தா ஜெனூபாவின் கையில் கொடுத்தாள்.

"இதில வட்டம் போட்டு வெச்சிரிக்கன் ராத்தா. என்ட புள்ளைக்கு வெச்ச திகதி. இப்ப சும்மாதானே கிடக்கு, நீங்க எடுங்க."