கேஸ் இறங்காத ஷொக்

மகாவலிப் பக்கமிருந்து வந்த பனி கட்டுகஸ்தோட்டைக் கடைத் தகரங்களை விட்டு இன்னும் எழும்பவில்லை. அதற்குள் யாகப்பர், மோட்டார் சைக்கிளின் குலுக்கலைத் தாங்கும் பின் ஷொக் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதன் சுருளை அமுக்கிக் கழற்றுவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். பிறகு வால்வை அழுத்தி, உள்ளே அடைபட்ட கேஸை இறக்க வேண்டும். 'சீ...' என்று அது கடைசி மூச்சு விட்ட பிறகுதான் மூடியைத் திறக்கலாம். கருத்துப்போன எண்ணெய் மீன் வாடையோடு முழங்கைவரை வழியும். சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, குமிழி அடங்கும்வரை மெதுமெதுவாக அடித்து, மறுபடி கேஸ் ஏற்றிவிட்டால் ஒரு ஷொக் முடிந்தது. பொழுது விடிவதற்குள் மூன்று முடிய வேண்டும்.

இத்தனையும் நடப்பது தேங்காய்க் கடைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டிலில். பலகையில் மட்டும் 'சர்வதேச சஸ்பென்ஷன் இன்ஸ்டிட்யூட்' என்றிருந்தது. சர்வதேசம் என்று அங்கே இருந்தது ஒரு துபாய்க் கலண்டர்தான். முதலாளி திருச்செல்வத்துக்கு 'முதலாளி' என்று கூப்பிட்டால் காது கேட்காது. 'டிரெக்டர் சேர்' என்றால் உடனே கேட்கும்.

கொட்டிலில் ஒரு வழக்கம் இருந்தது. கேஸ் இறக்கிய ஷொக்கின் கழுத்தில், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் மாட்டுவார்கள். வளையம் இருந்தால் திறக்கலாம், இல்லையென்றால் கைவைக்கக் கூடாது. யாகப்பர் இறக்குவார், ருஷ்தி திறப்பான், கிஷான் எண்ணெய் ஊற்றுவான். எட்டு வருஷத்தில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன மாதம் டிரெக்டர் கொழும்பில் ஒருநாள் கருத்தரங்குக்குப் போய், ஒரு சான்றிதழோடும் ஒரு கோட்டுச் சட்டையோடும் திரும்பி வந்தார். அன்றிலிருந்து கொட்டில் வேலையை வீடியோ எடுத்துப் போடத் தொடங்கினார்.

"இதென்ன, கோழிக்குக் கால்ல கட்டின மாதிரி? வீடியோவுல அசிங்கமா விழுது" என்று வளையங்களைக் குப்பையில் கொட்டினார். பதிலுக்குத் தங்க நிற ஸ்டிக்கர் வந்தது: 'தரம் உறுதி'. கேஸ் இறங்கியதோ இறங்காததோ, எல்லா ஷொக்குக்கும் அதே உறுதிதான்.

செவ்வாய்க்கிழமை காலை யாகப்பர் சுருளைக் கழற்றிவிட்டு வால்வில் கை வைக்கப் போனார்.

"யாகப்பர்! வெள்ளை கிளவுஸ் போட்டுட்டு கெதியா வாங்க, லைவ் போகுது!" முன்பக்கமிருந்து டிரெக்டரின் குரல்.

ஷொக்கை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். 'பாதுகாப்பே எமது மூச்சு' என்று டிரெக்டர் கமராவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் வெடித்தது. மேசைக்கு வந்துவிட்டால் கேஸ் இறங்கியதாகத்தான் இருக்கும் என்று ருஷ்தி அதைத் திறந்திருந்தான். பறந்த மூடி கூரைத் தகரத்தைத் துளைத்தது. போகிற வழியில் அவன் வலக்கை விரல்களில் இரண்டைக் கொண்டுபோனது.

வெள்ளிக்கிழமை டிரெக்டர் ஒரு கடிதத்தை நீட்டினார். 'விபத்துக்கு ருஷ்தியின் கவனக்குறைவே காரணம். அவரை வேலையிலிருந்து நீக்குமாறு ஊழியர்களாகிய நாம் மனமுவந்து பரிந்துரைக்கிறோம்.'

"கையெழுத்துப் போடுங்க. நல்ல தமிழ், நானே எழுதினது."

"சேர்... அத கேஸ் இறக்காம வச்சது நானுங்க."

"அப்ப ஒங்க பேரப் போட்டுப் பொலிஸுக்குக் குடுக்கவா? புசல்லாவையில ரெண்டு புள்ளைங்க படிக்குதுதானே?"

'கூப்பிட்டது நீங்கதானே' என்று யாகப்பர் நினைத்தார். ஆனாலும் பேனையை வாங்கிக்கொண்டார்.

கவுண்டரில் பில் எழுதும் பஸ்லினா எழும்பினாள். "சேர், அந்த லைவ்வ நா இன்னும் அழிக்கல்ல. நீங்க யாகப்பர் அண்ணன கூப்பிட்ட சத்தம் அதுல ஈக்கி."

"அப்படியா? காட்டு." டிரெக்டர் கடைப் போனை வாங்கி, பெருவிரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "இப்ப இல்ல. வேற?"

பஸ்லினாவின் முகம் செத்துவிட்டது. யாகப்பர் பேனையோடு குனிந்தார்.

"வீடியோவ அழிச்சிட்டீங்க சேர்" என்றான் கிஷான், கையைத் துடைத்தபடி. "பாத்துக்கிட்டு இருந்த எங்களையும் அப்படியே தட்டி அழிச்சிருங்க."

யாகப்பர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு கடிதத்தின் அடியில் எண்ணெய் விரலோடு எழுதினார்: 'இது பொய். கேஸ் இறக்காமல் வைத்தது நான். வளையத்தை எடுத்ததும் என்னைக் கூப்பிட்டதும் டிரெக்டர்.' கீழே கையெழுத்தும் போட்டார். கிஷானும் பஸ்லினாவும் பேனைக்காகக் காத்து நின்றார்கள்.

"வெளிய போனா திரும்ப வர வேணாம்!" என்று, வாசலை நோக்கி நடந்த மூவரையும் பார்த்துக் கத்தினார் டிரெக்டர். அவசரத்தில் கோட்டுச் சட்டையை உள்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூவரும் கண்டி பஸ் ஏறினார்கள். அரசாங்கத் தொழில் கந்தோரில் கொடுத்த படிவத்தில் முறைப்பாட்டாளர் பெயருக்கு ஒரே ஒரு கோடு இருந்தது. யாகப்பர் ருஷ்தி பெயரையும் தன் பெயரையும் எழுதினார். மற்ற இருவரும் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள்.

கிளார்க் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "ஒரு ஃபோமுக்கு ஒரு பேர்தான். விசாரிக்கிற ஐயாவும் இன்னைக்கு வெளிய போயிட்டாரு. திங்கக்கிழமை யாராவது ஒரு ஆள் வாங்க."

யாகப்பருக்கு வேலை போய்விட்டது. திங்கட்கிழமை வந்தாலும் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பக்கத்தில் பஸ்லினா கையை நீட்டினாள்.

"அப்ப நாலு ஃபோம் தாங்க. ருஷ்தி நானாவுக்கு எழுத ஏலாது. அவர்ட ஃபோம நா எழுதுறேன்."