ஒரு கரண்டி அரோனியா

விருந்தாளிக்குப் பழப்பாகு வைக்கும் ஸ்லாட்கோ கிண்ணத்தை வீட்டிலிருந்து திஹோமிர் கொண்டுவந்தபோதே அவன் மனைவி லெபோசாவா திட்டினாள்.

"ஆய்வகத்துல கண்ணாடிச் சாமானுக்குப் பஞ்சமா, கிழவா? எங்க அத்தை குடுத்த கிண்ணம்தான் கிடைச்சுதா?"

"உன் பீக்கர்ல வச்சா மூத்திரப் பரிசோதனை மாதிரி இருக்கு, லெபா. மருந்து கம்பெனி ஆளு பெல்கிரேட்லேர்ந்து வர்றாரு. கண்ணுக்கு அழகா இருக்கட்டுமே."

கிண்ணத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய கருஊதா மணிகள். அரோனியாப் பழத்தின் சாற்றைக் கடற்பாசிப் பசையில் கலந்து, ஊசிமுனையால் சுண்ணாம்பு உப்புக் கரைசலில் சொட்டவிட்டு, இறால் ஓட்டிலிருந்து எடுத்த பிசினை மேலே பூசிச் செய்தவை. அந்தச் சாறு குடலுக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து. ஆனால் ரொம்பத் தொட்டால்சிணுங்கி. வெளிச்சம் பட்டால் வெளுக்கும், சூடு பட்டால் கெடும். குடல்வரை அதைப் பத்திரமாகக் கொண்டுபோகத்தான் இந்த மேலுறை. இதற்கு முன் செய்த மணிகளெல்லாம் கழுவும்போதே சாயம் விட்டன. இவை விடவில்லை. வயிற்றில் இருப்பது போன்ற அமிலத்தில் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. இருந்ததே கொஞ்சம், சோதித்தால் வருகிறவருக்குக் காட்ட மிஞ்சாது. பழமும் தீர்ந்துவிட்டது. அடுத்த அறுவடைக்கு ஒரு முழுக் கோடை கடக்க வேண்டும்.

திஹோமிரின் நுரையீரலைப் பார்த்த மருத்துவர்கள் அடுத்த குளிர்காலத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். மருந்து நிறுவனம் இன்று வேண்டாமென்று சொல்லிவிட்டால் இந்த அறை ஜவுளித் துறைக்குப் போய்விடும். "நானும் இல்லாம, இந்த ரூமும் இல்லாம நீ என்னடி பண்ணுவே?" என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தான். அவள் ஊசிகளைக் கழுவப் போய்விட்டாள்.

"ஜன்னலைச் சாத்து," என்றான் இப்போது. "காத்து குறுக்கே வருது. நோய் விட்டாலும் இது என்னைக் கொன்னுடும்."

அவள் சாத்தினாள். மணிகளை அள்ள ஒரு சின்னக் கரண்டி, கரண்டியைக் கழுவக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கண்ணாடிக் குவளையில். எல்லாவற்றையும் திஹோமிர் ஒரு தட்டில் அடுக்கிக் கதவருகே மேசையில் வைத்தான். வருகிறவர் முன்னால் சில மணிகளைச் சோதித்துக் காட்ட, இருவரும் அமிலக் குடுவை எடுக்க உள்ளறைக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது மருந்து நிறுவனத்தின் வுகாஷின் வந்துவிட்டிருந்தார். பெரிய உடம்பு, நல்ல கோட்டு. கையில் கரண்டி, வாய் மூடியிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்கக் குவளையை எடுத்து மடக்கென்று குடித்தார்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் தட்டில் கிண்ணமும் கரண்டியும் தண்ணீரும் இருந்தால் எந்தச் செர்பியன்தான் கேட்டுவிட்டு எடுப்பான்? ஒரு கரண்டி பழப்பாகு, ஒரு வாய் தண்ணீர், அப்புறம்தான் வணக்கமே.

"உங்க ஸ்லாட்கோவுக்கு நன்றி," என்றார். "ஆனா அம்மா, மன்னிக்கணும், சர்க்கரை போட மறந்துட்டீங்க. கடிக்கிறதுக்குள்ள வழுக்கிட்டு உள்ள போயிடுச்சு."

திஹோமிர் சுவரைப் பிடித்துக்கொண்டான். இருமுகிறானா சிரிக்கிறானா என்று லெபோசாவாவுக்குத் தெரியவில்லை. கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்தவை சில மணிகள்தான்.

"இன்ஜினியர் சார், நீங்க சாப்பிட்டது எங்க ஆராய்ச்சி," என்றாள்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "விஷமா?"

"கடற்பாசி, இறால் ஓடு, அரோனியா. எங்க கல்யாணத்துல போட்ட சாப்பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை," என்றான் திஹோமிர்.

"என் தம்பி சமைச்சான் அதை," என்றாள் லெபோசாவா.

"அதான் சொல்றேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அரோனியாவை வாயில் போட்டால் மசி குடித்தவன் போல நாக்கு ராத்திரிவரை கருத்துக்கிடக்கும். ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"சார், நாக்கை நீட்டுங்க."

"என்னது?"

"நீட்டுங்களேன்."

பெல்கிரேட்டிலிருந்து வந்த பெரிய மனிதர் பள்ளிப்பிள்ளை போல நாக்கை நீட்டினார். திஹோமிர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். இளஞ்சிவப்பு. ஒரு பொட்டு ஊதா இல்லை.

"லெபா," என்றான் மெதுவாக. "சாயம் ஒட்டவே இல்லடி."

மிச்ச மணிகளைச் சுரண்டி அமிலத்தில் போட்டார்கள். காபி வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. அமிலம் தெளிவாகவே கிடந்தது. பிறகு மணிகளை வடித்து, குடலின் நீர் போன்ற கரைசலுக்கு மாற்றினார்கள். அவை மெல்ல உப்பின. ஒன்றிலிருந்து, பிறகு எல்லாவற்றிலிருந்தும், அடுப்புப் புகை போல ஊதா நிறம் கிளம்பியது. வுகாஷின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திஹோமிரின் கை மேசைக்கு அடியில் அவள் கையைத் தேடியது.

"இப்ப என் வயித்துக்குள்ளயும் இதான் நடக்குதா?" என்று கேட்டார் வுகாஷின்.

"சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லுங்க," என்றான் திஹோமிர்.

நிறுவனம் சரி என்றது, அறை அவர்களுக்கே நின்றது. அடுத்த பழம் பறித்து வந்தபோது திஹோமிர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊசியின் வேகத்தைக் குறை கூறிக்கொண்டிருந்தான். முதல் பனி விழுமுன் போய்விட்டான்.

அவனுடைய நினைவு நாளன்று லெபோசாவா வீட்டு வாசலில் நின்றாள். கையில் அதே கிண்ணம், அதில் இறந்தவர் பேரில் கொடுக்கும், சர்க்கரையும் வாதுமையும் கலந்த வெந்த கோதுமை. வந்தவர்கள் ஆளுக்கொரு கரண்டி எடுத்து, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்," என்று சொல்லி உள்ளே போனார்கள். கடைசியில் வுகாஷின் வந்தார். கறுப்புக் கோட்டு, கலங்கிய கண். கிண்ணத்தைப் பார்த்ததும் கரண்டி பாதி வழியில் நின்றது.

"கேட்டுட்டு எடுக்கட்டுமா அம்மா?"

"எடுங்க. இதுல சர்க்கரை இருக்கு."

அவர் மென்று விழுங்கினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவளுக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்.

திஹோமிர் போனபிறகு அன்றுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு ஜன்னல்களைச் சாத்தப் போனாள். காற்று குறுக்கே வீசிக்கொண்டிருந்தது.