தங்கச்சி அழுத்திய பட்டன்

1

இந்தக் கதை என் தங்கச்சியின் பெருமையிலிருந்து பிறந்தது; கொஞ்சம் என் பெருமையிலிருந்தும். அவள் பிசியோதெரபிஸ்ட். ஊரார் இடுப்பிலும் முதுகிலும் பட்டைகளை ஒட்டி, சின்னக் கருவி ஒன்றால் மெல்லிய மின்துடிப்பு கொடுத்து வலியைத் தணிப்பவள். தன் பிரசவத்துக்கும் அதே கருவிதான் என்று முடிவு செய்தாள். டாக்டரும் சரி என்றுவிட்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வலி என்பது ஒரு கடல், அதில் அவள்...’

வேண்டாம். படித்தால் சிரிப்பாள்.

2

வலி எடுத்ததும் ஆஸ்பத்திரி அறையில் ஒரு சிக்கல். பட்டைகளை ஒட்ட, முதுகுக்கு அவள் கை எட்டவில்லை. கணவர் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். நர்ஸ் பக்கத்து அறைக்கு ஓடியிருந்தார். கூட இருந்தது மாமியார் மட்டும்; நான் வெளியே வராந்தாவில்.

“கரண்ட்டா? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு விளையாடுறியா?”

[இந்த இடத்தில் மாமியாரை வில்லியாக்கியிருந்தேன். தங்கச்சி அந்தப் பத்தியையே அடித்துவிட்டாள். “அத்தை பயந்தாங்க, அவ்வளவுதான். பயந்தா வில்லியா?”]

தங்கச்சி ஒரு ஜோடிப் பட்டையை மாமியாரின் முன்கையில் ஒட்டி, துடிப்பை மெதுவாகக் கூட்டினாள்.

“அட, எறும்பு ஊருற மாதிரி இருக்கே!”

“அவ்வளவுதான் அத்தை. இப்ப என் முதுகுல ஒட்டுங்க. முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும். இன்னும் கொஞ்சம் கீழ.”

மாமியார் குனிந்து ஒட்டினார். பட்டை ஒன்றுகூடக் கோணவில்லை.

3

வலி ஏறும்போதெல்லாம் தங்கச்சி கையிலிருந்த கருவியின் பட்டனை அழுத்தித் துடிப்பைக் கூட்டுவாள், இறங்கியதும் குறைப்பாள். ‘மின்சாரம் வலியை விரட்டியடித்து...’ இல்லை, அது பொய். வலி போகவில்லை. பல்லைக் கடித்துத் தாங்கும் அளவுக்கு அடங்கியது என்கிறாள். (சிலருக்கு அந்த அளவுகூட அடங்காதாம். நான் கருவி விற்கிறவன் இல்லையே, சொல்லிவிடுகிறேன்.)

திரும்பி வந்த நர்ஸ் கை நீட்டினார். “குடும்மா, நான் அழுத்துறேன்.”

“வேண்டாம் சிஸ்டர். வலி எப்ப வருதுன்னு எனக்குத்தான தெரியும்.”

வராந்தாவில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

4

முடிவை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கருவி பாதியில் நின்றுபோகிறது. விறுவிறுப்பாகத்தான் இருந்தது; ஆனால் அப்படி நடக்கவில்லை. இன்னொன்றைக் கருவிக்கு நன்றி சொல்லி முடித்திருந்தேன். தங்கச்சி முறைத்தாள்.

“மெஷினா பெத்துச்சு? நான் பெத்தேண்ணே!”

பெற்றாள். பெண் குழந்தை. மாமியார் வெளியே வந்து, போவோர் வருவோரிடமெல்லாம், “நான்தான் ஒட்டிவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே, மகளை மார்பில் வாங்கியதும் தங்கச்சி அவள் காதில் ஏதோ சொன்னாளாம். என்னவென்று கேட்டால் சிரிக்கிறாள். கதையின் கடைசி வரி அதுதான், என்னிடம் இல்லை. பிள்ளை பெற்றவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.