தறிக்கு ஒரு கண்ணாடி

காஞ்சனாவுக்கு இரண்டு நெற்றிப்பொட்டும் விண்விண்ணென்று தெறித்தன. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல். அம்மையார்குப்பத்தில், வரதராஜனின் விசைத்தறிக் கொட்டகையில் விடிந்ததிலிருந்து நிற்கிறாள். நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. தறியில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள். ஒற்றை இழை இரண்டாகத் தெரிந்தது. தப்பான இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டாள். துணியில் கோடு விழுந்து ஓடியது.

வரதராஜன் வந்து துணியை விரலால் சுண்டினார்.

“மூஞ்சியில கீறது கண்ணா, புண்ணா? திங்கக்கிழமையிலேர்ந்து தறிய வுட்டு எறங்கிடு. தார் சுத்து, போ.”

தறியில் குறுக்கே பாயும் நாடாவுக்குள் போடும் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலை. கூலி பாதிதான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணாடி அவளுடையதே அல்ல.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் நடந்தது. வரதராஜன்தான் வேன் வைத்து எல்லாரையும் கூட்டிப் போனார். “உங்களுக்கு ரெண்டு கண்ணும் வேற வேற பவருங்க. அடுத்தவங்க கண்ணாடிய மாட்டிடாதீங்க” என்று சோதித்த பெண் காஞ்சனாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவரவர் கண்ணுக்கு அளந்து செய்த கண்ணாடிகள் வந்தன. எல்லாரும் மாட்டிக்கொண்டு நிற்க, வரதராஜன் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு அத்தனையையும் கழற்றி வாங்கிவிட்டார்.

“வூட்டுக்கு எடுத்துகினு போனா புள்ளைங்க ஒடச்சிடும். தறிக்கு ஒண்ணு கட்டி வுடறேன். எந்தத் தறிய ஓட்டுறியோ அதுல கீறத போட்டுக்கோ.”

கத்திரிக்கோல் அப்படித்தான் தறிக்குத் தறி கயிற்றில் தொங்குகிறது. கண்ணாடியும் இன்னொரு கத்திரிக்கோல் என்று நினைத்துக்கொண்டார்கள். காஞ்சனாவும் அப்படித்தான் நினைத்தாள். இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தறியை நிறுத்தினாள். பக்கத்துத் தறியில் தொங்கியதை எடுத்து மாட்டினாள். மங்கல். அடுத்ததை மாட்டினாள். தலை சுற்றியது.

“இன்னாக்கா, வளையக்காரன் கிட்ட அளவு பாக்குற மாதிரி பாத்துகினு கீற?” பக்கத்துத் தறி அம்சா சிரித்தாள்.

“என் கண்ணத் தேடிகினு கீறேன். நீ உன்னுதத் தேடு.”

அம்சாவுடையது காஞ்சனாவின் தறியில் கிடைத்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கிழவர் பச்சையப்பன் ஒன்றை மாட்டிப் பார்த்து, “அட முருகா, முடிச்சு தெரியுதே! என்னுதுதான் இது!” என்று கத்தினார். கயிற்றை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசித் தறியில் வெறுங்கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

சத்தம் அடங்கியதும் வரதராஜன் ஓடி வந்தார். “எவன்டா தறிய நிறுத்தினது?”

“நான்தான். எல்லாரோடதும் கெடச்சிச்சி. என்னுது எங்க?”

“அது போன மாசமே ஒடஞ்சி போச்சி. குப்பைல போட்டேன். ஓசில வந்ததுக்கு இவ்ளோ வாயா?”

“கண்ணாடிதான் ஓசி, மொதலாளி. கண்ணு ஓசியில வரல. நாடா ஒடஞ்சா அன்னிக்கே புதுசு வாங்கப் பேட்டைக் கடைக்கு ஆள் அனுப்புறீங்க. என் கண்ணாடி ஒடஞ்சத ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?”

“ஆங், சரி, சரி. வாங்கித் தரேன். தறிய ஓட்டுங்க.”

அவரவர் கண்ணாடியோடு அவரவர் தறிக்குப் போனார்கள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அம்சா கூட.

திங்கட்கிழமை காஞ்சனா தார் சுற்ற உட்கார்ந்தாள். அதற்குக் கண் வேண்டாம், கை போதும். வரதராஜன் கடந்து போகும்போதெல்லாம், “என் கண்ணாடி?” என்று கேட்டாள். “வரும், வரும்” என்றார். தைக் கிருத்திகையும் போயிற்று. அவள் கண்ணுக்கு அளந்து செய்த ஒரு கண்ணாடி, வரதராஜன் காஞ்சனாவுக்குத் தர வேண்டிய பாக்கி.