மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு கணவர்

சைக்கிள் மணி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் டிங்கு பார்த்தது ஒரே வேலை. பூட்டி முடித்த ஒவ்வொரு மணியையும் காதருகே வைத்து ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியாக இருந்தால் பெட்டிக்குப் போகும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பிப் போகும். டிங்கு என்ற பெயரே அப்படி வந்ததுதான். மனைவி மட்டும் "ஏங்க" என்பாள். அசெம்பிளி பகுதிக்கு அவளே சூப்பர்வைசர் என்பதால் அந்த "ஏங்க"வில் பாதி உத்தரவாக இருக்கும்.

முதலாளிக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, வீணைக் களையும் 'லீன்' பயிற்சி கொடுக்க ஒருவரைக் கூட்டிவந்துவிட்டார். ஆள் ஒல்லி; பேச்சு மட்டும் ஓயாது.

"எதுக்குன்னு சொல்ல முடியாததுல எல்லாம் சிவப்பு அட்டை கட்டி, தரையில போட்டிருக்கற மஞ்சள் கட்டத்துல வைங்க. வேணுங்கறவங்க என்ன உபயோகம்னு அட்டையில எழுதி எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிச்சம் இருக்கறது பழைய இரும்பு வண்டிக்கு. நடக்கறது வீண், தூக்கறது வீண், காத்திருக்கறது வீண், தேவைக்கு மேல உற்பத்தி வீண். ஒழுங்கா செஞ்ச பொருளைத் தட்டிப் பார்க்கறதும் வீண்தான்."

கூட்டம் மொத்தமும் டிங்குவைத் திரும்பிப் பார்த்தது. டிங்கு மனைவியைப் பார்த்தார். அவளோ மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. ஓடாத மின்விசிறிக்கு ஓர் அட்டை கட்டினாள். கால் உடைந்த ஸ்டூலுக்கு ஒன்று, மூடி தொலைந்த டப்பாக்களுக்கு ஒன்று. அப்புறம் புருஷன் முன்னால் வந்து நின்று, அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பட்டனில் அட்டையைக் கட்டினாள்.

"ஏம்மா, நான் என்ன சாமானா?"

"புருஷன்னு விட்டுட்டாள்னு எனக்குப் பேர் வரக்கூடாது. போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். ராத்திரி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, பயிற்சியாளர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அட்டையைக் கழற்றாமல் போய்வரலாம் என்று அனுமதித்தார். வீட்டில் மனைவி வழக்கம்போலச் சாப்பாடு போட்டாள். அட்டையில் குழம்பு படாமல் நகர்த்தி விட்டாள்.

அந்த வாரம் ஒவ்வொருவராக வந்தார்கள். மின்விசிறியை வாட்ச்மேன் கொண்டுபோனார். ஸ்டூலை கேன்டீன்காரர் கேட்டு வாங்கினார். டப்பாக்களுக்கு அடிதடியே நடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் டிங்குவிடம் நலம் விசாரித்துவிட்டு, அவரைத் தாண்டிக் கையை நீட்டி வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். மூடியில்லாத டப்பாவுக்கு இருக்கிற மவுசுகூட டிங்குவுக்கு இல்லை. ஊரார் எடுக்காவிட்டால் போகட்டும். அவளுக்குமா வேண்டாதவனாகிவிட்டேன் என்பதுதான் அவரைத் தின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டத்தில் அவர் மட்டும்தான் மிச்சம். பழைய இரும்புக்காரர் வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நான் இரும்பு, பித்தளைதான் சார் எடுப்பேன். இவரை எதுல சேர்க்கறது?"

"இதர வகைன்னு போட்டுக்குங்க," என்றார் பயிற்சியாளர்.

அப்போதுதான் மனைவி வந்தாள். கையில் பேனா இருந்தது.

"வாரம் பூரா யோசிச்சேங்க. தட்டிப் பார்ப்பீங்க, அது வீண்னு சொல்லிட்டாங்க. எனக்கு டீ எடுத்துட்டு வருவீங்க, அது தூக்கறது. சாயங்காலம் எனக்காக கேட்ல நிப்பீங்க, அது காத்திருக்கறது. சொன்னதையே நாலு தடவ சொல்லுவீங்க, அது தேவைக்கு மேல உற்பத்தி. எப்படிப் பார்த்தாலும் உங்களால ஒரு உபயோகமும் இல்லீங்க."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

"சரி விடு. வண்டி வந்துருச்சு," என்றார் டிங்கு.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துத் தன் பட்டனில் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், அசெம்பிளி படுத்துவிட்டது. எந்த மணிக்கு எந்த ஸ்பிரிங் என்று கேட்க ஆளில்லாமல் எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி அரக்கப்பரக்க ஓடிவந்தார்.

"என்னம்மா இது, ஆர்டர் நிக்குது."

"எழுதி எடுத்துக்குங்க சார். ஆனா நாங்க செட்டு. பிரிச்சுத் தர்றதில்ல."

முதலாளி பயிற்சியாளரை முறைத்தார். அவர் பாவம், புத்தகத்தைப் புரட்டினார்.

"செட்டைப் பிரிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு சார். ஆனா ஒவ்வொண்ணுக்கும் உபயோகம் எழுதியாகணும்."

அவளுடையதை முதலாளி ஒரே மூச்சில் எழுதிவிட்டார். டிங்குவின் அட்டையில் பேனா நகர மறுத்தது. அவரை மேலும் கீழும் பார்த்தார். பேனா மூடியைக் கடித்தார். வெளியே இரும்பு வண்டி ஹாரன் அடித்தது. கடைசியில் எதையோ கிறுக்கிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மார்பில் தொங்கிய அட்டையை டிங்குவால் தலைகீழாகத்தான் பார்க்க முடிந்தது.

"என்ன எழுதியிருக்காரு?"

மனைவி குனிந்து படித்தாள். "இவர் இருந்தால்தான் அந்த அம்மா இருப்பார்."

இன்னொரு தடவை மனசுக்குள் படித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினாள்.

"சரியாத்தாங்க எழுதியிருக்காரு," என்றாள்.